133.4இல் ஒரு மாடன்

"எங்க சாமிய என்னத்துக்குத் தம்பி பேய்க் கணக்குல சேத்திருக்கிய?"

நூலகத்தில் பட்டியல் பிரிவுக்கு வாசகர்கள் வருவதே அபூர்வம். வந்த பெரியவர் கையில் சுடலைமாடன் வில்லுப்பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அவருக்கு எண்களெல்லாம் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்த தட்டில் பக்கத்திலிருந்தவை பில்லி, சூனியம், ஆவிகளோடு பேசுவது எப்படி வகையறா. அதைப் பார்த்துவிட்டுத்தான் நேராக என் மேசைக்கு வந்திருக்கிறார். புத்தகத்தின் முதுகில் 133.4 என்று ஒட்டியிருந்தது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் அது பேய், பிசாசு, மாந்திரீகத்துக்கான எண்.

ஒட்டியது நானில்லை. எனக்கு முன்னால் இருந்த யாரோ, அழகான கையெழுத்தில் பட்டியல் அட்டை எழுதி, பொருள் தலைப்பில் "பேய் வழிபாடு" என்று போட்டிருந்தார்கள். ஆனால் பதினாறு வருடமாக அந்த அட்டை என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பெரியவரிடம் "பார்க்கிறேன் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு இது ஒரு குடைச்சலாகிவிட்டது.

டூயி தன் பகுப்பை 1876இல் வெளியிட்டார். மதத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220இலிருந்து 289 வரை கிறித்தவமே உட்கார்ந்திருக்கும். உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாம் 290களில் முட்டிமோதிக்கொள்ள வேண்டியதுதான். நம் சீர்காழிக்காரர், நூலகவியலாளர் ரங்கநாதன் 1933இல் தன் கோலன் பகுப்பில் இதைத் தலைகீழாக்கி, வேத மதத்தையும் இந்து மதத்தையும் முதலில் வைத்தார். கிறித்தவம் ஆறாம் இடத்துக்குப் போனது. ஆனால் எந்தப் பகுப்பானாலும் மாடனுக்கும் இசக்கிக்கும் யாரும் நாற்காலி போட்டுவைக்கவில்லை. இந்து மதத்துக்குள் நுழைத்தால் சிவன், விஷ்ணுவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நாட்டார் வழக்காற்றுக்கு, அதாவது 398க்கு அனுப்பினால் கும்பிடுகிற சாமி வெறும் கதையாகிவிடும்.

இந்தப் "பேய்" எங்கிருந்து வந்தது என்று பழைய அச்சுநூல்களைப் புரட்டத் தொடங்கினேன். வேலை நேரத்தில்தான், அதற்கு எனக்குச் சம்பளமும் உண்டு.

தென்மாவட்டத்துக்கு விடை சுலபமாகக் கிடைத்தது. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் பாதிரியார், அந்தப் பக்கத்து மக்களைப் பற்றி 1849இல் ஒரு நூல் எழுதினார். அவர்களுடைய சாமிகளையும் கொடைகளையும் ஆட்டத்தையும் பேய் வழிபாடு என்ற ஒரே தலைப்பில் அடக்கினார். பின்னாளில் அந்தச் சமூகத்தார் நூலுக்கு எதிராகக் கிளம்பினார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று நாம் கொண்டாடுகிறவரும் இவரேதான். எனக்கு இரண்டு கால்டுவெல்லையும் ஒரே அலமாரியில் வைக்கத் தெரியவில்லை. எண்ணும் அதற்கு இடம் தராது.

நான் எதிர்பார்க்காத ஆள் சீகன்பால்கு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் எங்கள் தொழிலில் மூத்தவர் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. வந்து இரண்டே ஆண்டில், 1708இல், தான் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். தமிழர் நூல்கள் என்ற பகுதியில் மட்டும் 119. ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள், யார் படிக்கிறார்கள் என்று குறிப்பு. இன்று என்னிடம் கணினி இருக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு குறிப்பு எழுத எனக்கு நேரமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

அவர் 1713இல் தமிழர் தெய்வங்களின் வமிசாவளி ஒன்றும் எழுதி முடித்தார். அதில் ஐயனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் எல்லாம் கிராம தேவதைகள் என்று தனிப் பகுதியில் வருகிறார்கள். பேய்கள் வேறு. ஊரைப் பேய்களிடமிருந்து காப்பவர்களே இந்தத் தேவதைகள் என்று மக்கள் நம்புவதை அவர் விளங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார். மதம் மாற்ற வந்தவர்தான். இந்தச் சாமிகள் பொய் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மக்களைக் கேட்டு எழுதினார். கேள்விகளை அனுப்பி, தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பிய வேலையும் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. வமிசாவளியை ஜெர்மனியிலிருந்த மேலிடம் அச்சிடவில்லை. 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டு! அதற்குள் கால்டுவெல் நூல் வந்து, தலைப்பு உறைந்துவிட்டது.

இதை எங்கள் பிரிவு அக்காவிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறித்தவர்; ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. "எங்க ஊர்ல சர்ச்சுக்கு இன்னும் வேதக்கோயில்னுதான் சொல்வாங்க. எங்களை வேதக்காரங்கம்பாங்க. வேதமும் அவங்களது, கோயிலும் அவங்களது. எங்களது எதுடா?" என்று சிரித்தார்.

சிரிப்புதான், ஆனால் அதற்குப் பின் என்னால் பழைய கிறித்தவ நூல்களைச் சாதாரணமாகப் புரட்ட முடியவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கப் புத்தகத்தின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. தம்பிரான் என்று அதற்கு முன் யாரை அழைத்தோம் என்பது சைவர்களுக்குத் தெரியும். மதுரைக்கு 1606இல் வந்து காவி கட்டிய நோபிலி பாதிரியார் தம் கடவுளைச் சருவேசுரன் என்றார். வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பப்ரீசியுஸ் பராபரன் என்றார். சென்ற நூற்றாண்டு முழுக்கப் புராட்டஸ்டண்டு சபைகளில் ஒலித்தது தேவன். 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில் கடவுள். நானூறு ஆண்டாக ஒரே ஒருவருக்குப் பெயர் தேடி நம் கோயில் வாசல்களில் ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறார்கள். பேய்க்கு மட்டும் அப்படித் தேட வேண்டியிருக்கவில்லை. நம்மிடமிருந்த பேயும் பிசாசும் அப்படியே போதுமானவையாக இருந்தன. எவரை அதற்குள் தள்ளுவது என்பது மட்டும்தான் கேள்வி.

தட்டியவர்களும் திறந்தவர்களும் தனித்தனி ஆட்களாகவும் இல்லை. ஒருமுறை இரண்டு புத்தகங்கள் ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. ஒன்று, யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் தலைமையில் செய்யப்பட்டு 1850இல் வெளியான வேதாகம மொழிபெயர்ப்பு. மற்றது 1854இன் 'சைவதூஷணபரிகாரம்'. முதல் நூலில் பாதிரியாரோடு உட்கார்ந்து தமிழை இழைத்தவரும், இரண்டாம் நூலில் பாதிரிமாரை மறுத்தவரும் ஆறுமுக நாவலர்தான். விக்கிரக வழிபாட்டைப் பழிக்கிறீர்களே, உங்கள் வேதத்திலேயே ஆலயமும் தூபமும் தீபமும் இருக்கின்றனவே என்று வசனம் வசனமாக எடுத்துக்காட்டுகிறார். மொழிபெயர்த்த கைக்கு வசனம் தேட வேண்டியதில்லை அல்லவா! பகுப்பு எண்படி முதலாவது 220, அதாவது வேதாகமம்; இரண்டாவது 294.5, அதாவது இந்து மதம். நடுவில் மூன்று அலமாரி தூரம். நாவலருக்கு அந்தத் தூரம் கிடையாது.

ஆனால் நாவலரும் மாடனுக்கு நாற்காலி போடவில்லை. ஊர்ச் சாமிகளுக்கு ஆடு கோழி வெட்டுவதை அவரும் கடிந்தவர்தான். இந்த ஒரு விஷயத்தில் பாதிரியாரும் நாவலரும் ஒரே பக்கம். பெரியவருடைய கேள்விக்கு இரு தரப்பிலும் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அட்டையை மாற்ற மேலதிகாரியிடம் குறிப்பு வைத்தேன். "ஒரு புத்தகத்துக்கு இவ்வளவா?" என்றார். ஒன்றல்ல, அந்தத் தலைப்பின் கீழ் இருபத்துமூன்று என்று காட்டினேன். ஒரு மாதம் கழித்துக் கையெழுத்தானது. இப்போது அவையெல்லாம் 294.5இல் இருக்கின்றன, பொருள் தலைப்பு "சுடலைமாடன் வழிபாடு", "இசக்கியம்மன் வழிபாடு" என்று அந்தந்தச் சாமி பெயரிலேயே. இந்து மதத்துக்குள் கொண்டுபோய் அடைத்தது சரியா என்று அக்கா கேட்டார். சரியென்று சொல்ல மாட்டேன். பேய்த் தட்டைவிடத் தேவலாம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. 1809இல் திருவிதாங்கூர்ப் படையோடு நடந்த சண்டையில் காயப்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் சமாதியில் ஊர் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதாகக் கால்டுவெல் எழுதுகிறார். பிறப்பால் கிறித்தவராகத்தான் இருந்திருப்பார். அவரைப் பற்றிய சிறு கட்டுரைத் தொகுப்பு ஒன்று போன வாரம் வந்தது. எண் எழுதாமல் மேசையிலேயே கிடக்கிறது.