நனைந்த கார்ட்டன்களும் இரண்டு கமாக்களும்

பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் ஹார்பருக்கும் அலைகிற பிள்ளைகள் எழுதும் ஆங்கில மெயில்களை, அனுப்புமுன் நான் ஒருமுறை படித்துவிடுவேன். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள். பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். டூட்டிக் கணக்கெல்லாம் மனப்பாடம். கமாவில்தான் கை தயங்கும்.

"மூச்சு வுட்ற எடத்துல தானக்கா கமா போடணும்?" என்பார்கள். பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை நம்பினால், எழுவாய் கொஞ்சம் நீண்டதுமே மூச்சு வாங்கி ஒரு கமா விழுந்துவிடும்: "தி ட்ரெய்லர் வெயிட்டிங் அட் ஜீரோ கேட், ஹேஸ் நோ பர்மிட்." எழுவாயையும் வினையையும் பிரிக்கிற அந்தக் கமாவுக்கு அங்கே வேலையே இல்லை.

காசு போகிற இடம் வேறு. மழைக்காலத்தில் சரக்கு நனைந்து, இன்சூரன்ஸுக்கு எழுதுகிறோம் என்று வையுங்கள். "தி கார்ட்டன்ஸ் விச் வேர் வெட் வேர் ரிஜெக்டட்" என்றால், நனைந்தவற்றை மட்டும் ஒதுக்கினார்கள். மற்றவை நல்ல சரக்கு. "தி கார்ட்டன்ஸ், விச் வேர் வெட், வேர் ரிஜெக்டட்" என்றால் மொத்தமும் நனைந்தது, மொத்தமும் போச்சு. க்ளெய்ம் தொகையே மாறிவிடும்.

நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது நியாயம்தான். "நனைந்த கார்ட்டன்களை ஒதுக்கினார்கள்" என்று தமிழில் சொன்னால், சிலவா எல்லாமா என்பதைச் சூழ்நிலைதான் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் அந்தப் பொறுப்பு கமாவுடையது. நான் சொல்லித் தருகிற சோதனை இது: 'விச்' என்று தொடங்கும் துண்டை எடுத்துவிட்டுப் படி. எந்தக் கார்ட்டன் என்ற கேள்வி வந்தால் கமா வேண்டாம். வராவிட்டால் இரண்டு பக்கமும் போடு. ஒன்றை மட்டும் போட்டு மற்றதை மறப்பதுதான் நான் அதிகம் திருத்துவது.

இதற்கெல்லாம் இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்குக் கனடா வழக்கைச் சொல்வேன். ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம் மின்கம்பங்களைப் பயன்படுத்தப் போட்ட ஒப்பந்தம் அது. ஐந்தாண்டு, பிறகு மேலும் ஐந்தைந்து ஆண்டு, ஓராண்டு நோட்டீஸ் தந்து ரத்து செய்தாலொழிய என்று இருந்தது. அந்த ரத்து வாசகத்துக்கு முன்னால் ஒரு கமா. அதனால் ரத்து வாசகம் முதல் ஐந்தாண்டுக்கும் சேர்த்தே பொருந்தும், அப்போதே ரத்து செய்யலாம் என்று 2006இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து 2007இல் அந்த முடிவை மாற்றியது.

'இஃப்', 'வென்' சுலபம். அவற்றில் தொடங்கும் துண்டு முன்னால் வந்தால் அதன் முடிவில் கமா: "இஃப் தி டெலிவரி ஆர்டர் கம்ஸ் டுடே, வீ வில் கிளியர் இட்." பின்னால் போனால் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவதை மட்டும் நான் விடுவதில்லை. பேச்சில் நாம் அப்படித்தான் கோத்துக்கொண்டே போவோம். மெயிலில் முற்றுப்புள்ளி வை, இல்லை 'அண்ட்', 'பட்' சேர் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். நானே திருத்திக் கொடுத்தால் அடுத்த மெயிலிலும் அதே கமா வரும்.