எங்கள் சின்னக் கம்பெனிக்குப் புரோக்கரேஜ் கணக்கு திறந்த அனுபவம்

பங்கு, பத்திரம் வாங்கி விற்க உதவும் புரோக்கர் ஒருவரிடம் முதல் விண்ணப்பம் போட்டு ஆறு வாரம் கழித்து வந்த பதில் ஒரே வரி: உங்கள் கணக்கைத் திறக்க இயலவில்லை. காரணம் கேட்டு எழுதினேன். காரணம் சொல்லும் வழக்கமில்லை என்றார்கள். இரண்டாவது புரோக்கரிடம் போனபோதும் அதே கம்பெனி, அதே இரண்டு பங்குதாரர்கள், அதே பணம்தான். ஐந்தாவது வாரம் கணக்கு திறந்துவிட்டது. இடையில் நான் மாற்றியது, கம்பெனியைப் பற்றி எங்கள் காகிதங்கள் சொல்லும் கதையை. முதல் தடவை ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு கதை சொன்னது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத்தான் பாதி உழைப்பு போனது.

நானும் அக்காவும் சேர்ந்து மென்பொருள் சேவைக் கம்பெனி ஒன்று நடத்துகிறோம். எனக்கு 60 சதவீதம், அக்காவுக்கு 40. கம்பெனி பதிவானது ஒரு நாட்டில், நாங்கள் வசிப்பது வெவ்வேறு நாடுகளில், புரோக்கர் இருப்பது இன்னொரு நாட்டில். நடப்புக் கணக்கில் சும்மா கிடந்த லாபப் பணத்தை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் பங்குச் சந்தையில் வாங்கக்கூடிய ஒன்றிரண்டு இ.டி.எஃப். நிதிகளிலும் போட்டு வைக்கலாம் என்பதுதான் திட்டம். தனிநபர் கணக்கை நான் ஒரே நாளில் திறந்திருக்கிறேன். கம்பெனிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது தப்பு.

புரோக்கர் கேட்ட பட்டியல் முதலில் மலைப்பாக இருந்தது. இன்கார்ப்பரேஷன் சர்டிபிகேட், கம்பெனியின் நோக்கமும் விதிகளும் எழுதிய மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ், இயக்குநர் பதிவேடு, பங்குதாரர் பதிவேடு, கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பதிவாளர் தரும் குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட், கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று காட்டும் இன்கம்பென்சி சர்டிபிகேட், போர்டு தீர்மானம். ஒவ்வொன்றும் எதற்கு என்று யோசித்ததும் பயம் குறைந்தது. கம்பெனி நிஜமா, அதன் பின்னால் இருக்கும் மனிதர் யார், யார் கையெழுத்து செல்லும், பணம் எங்கிருந்து வந்தது, வரித் தகவலை எந்த நாட்டுக்கு அனுப்புவது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

போர்டு தீர்மானத்தை நீங்களாக எழுதாதீர்கள். அநேகமாக எல்லாப் புரோக்கரிடமும் அவர்களுடைய மாதிரி இருக்கும், அதையே வாங்கி நிரப்புங்கள். நான் அழகாக எழுதி அனுப்பியதில் "பங்குகள் வாங்க, விற்க" என்று மட்டும் இருந்தது, கடன் பத்திரம் என்ற சொல் இல்லை. அதற்காகவே திரும்பி வந்தது. ஆர்ட்டிகிள்ஸில் கம்பெனி முதலீடு செய்யத் தடை ஏதாவது இருக்கிறதா என்றும் முன்னாடியே பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் இல்லை.

அப்போஸ்டில் வாங்க வேண்டியிருந்தது. 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டின் பொது ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்கச் செய்யும் சான்று அது. கையில் வந்தபோது அரைப் பக்கச் சதுரம்தான், உள்ளே 1 முதல் 10 வரை எண் போட்ட வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்திட்டது, எந்தப் பதவியில், யாருடைய முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று போய், கடைசியில் முத்திரையும் கையெழுத்தும். அது சான்று சொல்வது கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மட்டும், ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அல்ல. இது தெரியாமல், அப்போஸ்டில் ஆகிவிட்டதால் உள்ளே இருப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். கேட்டார்கள்.

எங்கள் விஷயத்தில் கேள்வி முகவரியைப் பற்றியது. அலுவலகத்தை முந்தைய வருடம் மாற்றியிருந்தோம். வங்கிக்குச் சொன்னோம், வாடிக்கையாளர்களுக்குச் சொன்னோம், பதிவாளரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்தப் பழைய முகவரி எல்.இ.ஐ. பதிவிலும் போய் உட்கார்ந்துவிட்டது. எல்.இ.ஐ. என்பது சட்டப்படியான அமைப்புகளுக்குத் தரப்படும் 20 எழுத்து அடையாளக் குறியீடு. 2008 நிதி நெருக்கடியில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் திணறியதன் விளைவாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிஃபிட் 2 விதிகள் 2018 ஜனவரி 3ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு, எல்.இ.ஐ. இல்லாத கம்பெனிக்காக அங்குள்ள நிறுவனங்கள் பங்கு வர்த்தகம் செய்ய முடியாது. அந்தப் பதிவு எல்லோர் பார்வைக்கும் திறந்தே இருக்கிறது. புரோக்கரின் ஆள் குறியீட்டைத் தட்டினால் உங்கள் கம்பெனியின் பெயர், முகவரி, நிலை எல்லாம் திரையில் வந்துவிடும். விண்ணப்பத்தில் ஒரு முகவரியும் அங்கே இன்னொன்றும் இருந்தால் வேலை அதோடு நின்றுவிடும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் பதிவாளர், பிறகு எல்.இ.ஐ., பிறகு வங்கி, கடைசியில் புரோக்கரின் படிவம். நான் தலைகீழாகப் போய் எல்.இ.ஐ.யைத் திருத்தக் கேட்டேன். அவர்கள் சரிபார்ப்பதே பதிவாளரிடம் இருக்கும் தகவலை வைத்துத்தான் என்பதால் மறுத்துவிட்டார்கள். அதில் பத்து நாள் போச்சு.

பெயரும் அப்படித்தான். இன்கார்ப்பரேஷன் சர்டிபிகேட்டில் "லிமிடெட்" என்று முழுதாக இருந்தது. வங்கி அறிக்கையில் சுருக்கி, புள்ளி வைத்து இருந்தது. அக்காவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பங்குதாரர் பதிவேட்டில் வெறும் இனிஷியல். நமக்கு எல்லாம் ஒரே ஆள், ஒரே கம்பெனி. அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு அப்படி எடுத்துக்கொள்ள அதிகாரம் கிடையாது. சர்டிபிகேட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள்.

நாங்கள் அதிகம் தடுமாறியது அமெரிக்க வரிப் படிவத்தில்தான். அமெரிக்கர் அல்லாதவர் என்று உறுதி சொல்லும் படிவங்களில் டபிள்யூ-8 பென் என்பது தனிநபருக்கு. கம்பெனிக்கு டபிள்யூ-8 பென்-இ. கடைசியில் இருக்கும் அந்த ஓர் எழுத்தால் ஒரு பக்கம் எட்டுப் பக்கமாகிறது. பயப்பட வேண்டாம், பெரும்பாலான பக்கங்கள் நம்மைத் தொடாது. முதல் பகுதி, உங்கள் வகைக்கான ஒரு பகுதி, கடைசியில் கையெழுத்துப் பகுதி, வரி ஒப்பந்தச் சலுகை கேட்டால் மூன்றாம் பகுதி. எங்கள் கம்பெனி பதிவான நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லை, அதனால் அந்தப் பகுதியைக் காலியாக விட்டோம். அமெரிக்கக் கம்பெனிகள் தரும் டிவிடெண்டில் 30 சதவீதம் பிடிப்பார்கள். அமெரிக்க அரசின் கடன் பத்திர வட்டிக்கு, படிவம் ஒழுங்காக இருந்தால், பொதுவாக இந்தப் பிடித்தம் கிடையாது. எங்கள் பணத்தில் பெரும்பகுதி அங்கே போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது வரி ஃபாட்கா நிலையைக் கேட்கிறது. அமெரிக்கர்கள் வெளிநாட்டில் வைத்திருக்கும் கணக்குகளைக் கண்டறிய 2010இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டத்தின்படி நிதி நிறுவனம் அல்லாத வெளிநாட்டு அமைப்புகள் என்.எஃப்.எஃப்.இ. எனப்படும். அதில் எங்களைப் போன்ற கம்பெனி பார்க்க வேண்டியது ஆக்டிவ், பாசிவ் என்ற இரண்டு வகை. நாங்கள் ராத்திரி பகலாக உழைத்துச் சம்பாதிக்கிறவர்கள், நம்மை எப்படிப் பாசிவ் என்பது என்று நினைத்து ஆக்டிவ் கட்டத்தில் டிக் போட்டேன். முதல் புரோக்கருக்குப் போனது அந்தப் படிவம்தான்.

இரண்டாவது முயற்சிக்கு முன்னால் எங்கள் கணக்காளர் படிவத்தின் 39ஆவது வரியை என்னையே வாசிக்கச் சொன்னார். முந்தைய வருட வருமானத்தில் வட்டி, டிவிடெண்ட் மாதிரியான பாசிவ் வருமானம் 50 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். சரி, எங்களுக்கு அது துளிதான். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. பாசிவ் வருமானம் தரும் சொத்துக்களும் மொத்தச் சொத்தில் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்களிடம் என்ன சொத்து? நாலு லேப்டாப், வரவேண்டிய பில்கள், மீதியெல்லாம் வங்கியில் இருக்கும் பணம். அந்தப் பணத்தை முதலீட்டுக்கு என்று ஒதுக்குவதாக விண்ணப்பத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு காகிதத்தில் முதலீட்டுப் பணம், இன்னொன்றில் ஆக்டிவ். முதல் புரோக்கர் எதற்காக மறுத்தார் என்று உறுதியாகத் தெரியாது. ஆனால் நானே அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன்.

"பாசிவ்னா குத்தமா?" என்று அக்கா கேட்டாள். இல்லை என்றார் கணக்காளர். பாசிவ் என்றால் பின்னால் இருக்கும் மனிதர்களைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 40ஆவது வரியில், 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் அமெரிக்கர் யாரும் இல்லை என்று உறுதி சொன்னால் அந்தப் படிவத்தைப் பொறுத்தவரை முடிந்தது. எங்களில் யாரும் அமெரிக்கர் இல்லை. நாடுகள் தங்களுக்குள் கணக்குத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் சி.ஆர்.எஸ். ஏற்பாட்டுக்கான படிவத்திலும் பாசிவ் என்ற அதே பதில்தான். அதன் விளைவு, கணக்கின் இருப்பும் வருமானமும் நாங்கள் இருவரும் வரி கட்டும் நாடுகளுக்கும் தகவலாகப் போகும். எங்கள் சொந்த வரிக்கணக்கில் இந்தக் கம்பெனியைச் சொல்லியிருந்தோம், அதனால் கவலையில்லை. சொல்லாதவர்கள் கணக்கு திறக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

இன்னொன்று. தொழில் என்ன என்ற கட்டத்தில் "முதலீடு" என்று எழுதாதீர்கள், உங்கள் தொழில் அதுவாக இல்லாத பட்சத்தில். வருமானத்தின் பெரும்பகுதி முதலீட்டிலிருந்து வந்து, அதை ஒரு நிதி நிறுவனம் தன் விருப்பப்படி நிர்வகிக்கிறது என்றால் உங்கள் கம்பெனியே நிதி நிறுவனமாகக் கருதப்படலாம். அதற்குத் தனிப் பதிவெண், தனிக் கடமைகள். "மென்பொருள் சேவை, மிஞ்சிய லாபத்தை இயக்குநர்களே முடிவெடுத்துக் கடன் பத்திரங்களில் வைக்கிறோம்" என்று எழுதினோம். உள்ளதே அதுதான்.

பணத்தின் மூலத்துக்கு இரண்டு வருட நிதி அறிக்கை, மூன்று பெரிய இன்வாய்ஸ், அந்தப் பணம் வங்கியில் வந்த வரிகளுக்கு மஞ்சள் மை. கூடவே ஒரு பக்கக் கடிதம்: கம்பெனி என்ன செய்கிறது, யார் வாடிக்கையாளர், பணம் எப்படிச் சேர்ந்தது, எதை வாங்கப் போகிறோம், ஏன். கீழே ஒரு படம், மேலே எங்கள் இருவர் பெயரில் இரண்டு பெட்டி, 60, 40 என்று எழுதிய கோடுகள், கீழே கம்பெனி. யாரும் கேட்காமலே இதை அனுப்பினேன். அடுத்து வந்த மின்னஞ்சலில் கேள்விகள் இரண்டுதான் இருந்தன.

அதில் ஒன்று அக்காவின் முகவரிச் சான்று. 25 சதவீதத்துக்கு மேல் பங்கு என்பதால் அவளுக்கும் பாஸ்போர்ட், முகவரிச் சான்று எல்லாம் வேண்டும். மூன்று மாதத்துக்குள் வந்த பில்லாக இருக்கணும். வீட்டு மின்சார பில்லோ அத்தான் பெயரில். "என் பேர்ல இந்த வீட்டுக்கு ஒரு காகிதம்கூட வரலடா," என்றபோது அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. கடைசியில் அவளுடைய வங்கியிலிருந்து முகவரியோடு அறிக்கை வாங்கினோம்.

இரண்டாவது கேள்வி என் கவனக்குறைவு. அமெரிக்க வரிப் படிவத்தில் தேதி மாதம், நாள், வருடம் என்ற வரிசையில் இருக்க வேண்டும். நான் நாளை முன்னால் போட்டிருந்தேன், பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லையே. கையெழுத்துக்குப் பக்கத்தில், கம்பெனிக்காகக் கையெழுத்திடும் தகுதி எனக்கு உண்டு என்று உறுதி சொல்லும் சின்னக் கட்டத்தையும் விட்டுவிட்டேன். அது இல்லாமல் எட்டுப் பக்கமும் செல்லாது.

கணக்கு எண் வந்த அன்றே பணம் அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக நாங்கள் வைத்திருந்த பணப்பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பியிருந்தேன், அனுப்புநர் என்ற இடத்தில் எங்கள் பெயர் இல்லாமல் அந்தச் சேவையின் பெயர் போய்விட்டது. மூன்றாம் நபர் பணத்தை ஏற்பதில்லை. வங்கியிலிருந்து கம்பெனி பெயரிலேயே அனுப்பியதும் ஏறியது. முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்த்திருக்கலாம்.

நேரலை விலைத் தகவலுக்குக் கம்பெனிக் கணக்கைத் தொழில்முறைப் பயனராகவே எடுத்துக்கொண்டார்கள், கட்டணம் தனிநபரைவிடப் பல மடங்கு. தவணை முடியும் வரை பத்திரத்தை வைத்திருக்கப்போகிற எங்களுக்கு அது எதற்கு? தாமதமாக வரும் விலையே போதும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது காலண்டரில் இரண்டு தேதி எழுதி வைத்திருக்கிறேன். எல்.இ.ஐ. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், விட்டால் பதிவில் காலாவதி என்று எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். வரிப் படிவம், கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது வருடத்தின் டிசம்பர் 31 வரை செல்லும். நடுவில் அதில் உள்ள தகவல் ஏதாவது பொய்யாகிவிட்டால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

போன வாரம் அக்கா வீடு மாறினாள். புது வீட்டு மின் இணைப்பைத் தன் பெயரிலேயே எடுத்திருக்கிறாள். முதல் பில் வந்ததும் போட்டோ அனுப்புவதாகச் சொன்னாள். அது வந்ததும் பதிவாளருக்கும் புரோக்கருக்கும் முகவரி மாற்றம் எழுத வேண்டும், இந்தத் தடவை சரியான வரிசையில்.