மறுத்தால் மட்டும் காரணம் எழுத வேண்டுமாம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் பேக்கேஜிங் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா, ஏஐ வந்தால் உன் வேலை போயிடுமாப்பா என்று கேட்டுவிடுகிறார். வேலை அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் இருந்த யோசனைதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, ஒரு ஃபார்ம் வழியாகப் போகிறது. நான் பார்த்த அந்த ஃபார்மைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். 1972-ல் இங்கே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கி, இன்டெல் உள்பட முதல் எட்டுக் கம்பெனிகள் வந்த காலத்தில், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சிப்பில் இணைப்பதையும் அதில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதையும் பெரும்பாலும் இளம் பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் செய்தார்கள். கண்ணும் கழுத்தும் போகிற வேலை. அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பிறகு ஏஓஐ மெஷின்கள் வந்தன, கேமராவே படம் பிடித்துப் பார்க்கும். ஆனால் அவை சந்தேகப் பிராணிகள், நல்லதையெல்லாம் கெட்டது என்று தள்ளும். இதற்கு எங்கள் மொழியில் ஓவர்கில் என்று பெயர். தள்ளியதை ஒரு மனிதர் திரும்பப் பார்த்து, இது ஓகே, இது ரிஜெக்ட் என்று பிரிப்பார். அந்த இடம் வெரிஃபை ஸ்டேஷன்.

இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் ஏஐ உட்கார்ந்திருக்கிறது. திரையில் படம் வரும்போதே, இது தூசு, ஓகே, 97 விழுக்காடு உறுதி என்று பச்சைக் கட்டத்தோடு வருகிறது. ஒத்துக்கொண்டால் ஒரு கிளிக். மறுத்தால் பட்டியலில் ஒரு குறியீட்டைத் தேர்வு செய்து, காரணத்தை ஆங்கிலத்தில் டைப் செய்து, பேட்ஜைக் காட்ட வேண்டும். நான் சொன்ன ஃபார்ம் இதுதான். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மாதக் கடைசியில் ஓவர்ரைடு ரேட் என்று ஒரு பத்தி அறிக்கையில் வரும், யார் எத்தனை முறை மெஷினை மறுத்தார்கள் என்று. எண் கூடினால் பெயர் சிவப்பாகும். மறுத்தது சரியா தப்பா என்பதற்கு அந்த அறிக்கையில் இடமே கிடையாது.

எங்கள் வெரிஃபை ஸ்டேஷனில் ஓர் அக்கா இருக்கிறார். எனக்கு மீசை முளைக்கும் முன்பே இந்தத் துறைக்கு வந்தவர். பட்டர்வொர்த்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வருவார். தமிழும் மலாயும் அருவி மாதிரி பேசுவார், ஆங்கிலத்தில் டைப் செய்வது என்றால்தான் தயக்கம். ஒரு நாள் கேண்டீனில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னார்:

"தம்பி, அது தூசு தூசுன்னு சொல்லுதுல்ல, அது தூசு இல்ல. தூசு எங்கயாச்சும் ஒரே எடத்துல விழுமா?"

சில்லின், அதாவது சிப்பின், இடது மேல் மூலைப் பக்கம் ஒரு சின்னக் கறை, படத்துக்குப் படம் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் தூசு மாதிரியேதான் இருக்கிறது, நானே பார்த்தேன். மெஷின் ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்க்கிறது, முந்தின படம் அதற்கு ஞாபகம் இருக்காது, அதை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அக்கா வரிசையாகப் பார்க்கிறார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது காற்றில் வந்தது இல்லை, தொட்டதால் வந்தது. போய்ப் பார்த்தால், சில்லை எடுத்து வைக்கும் கருவியின் ரப்பர் நுனி தேய்ந்து, அழுக்கேறி, தொடுகிற ஒவ்வொரு சில்லிலும் முத்திரை குத்திக்கொண்டிருந்தது. நுனியை மாற்றியதும் கறை நின்றுவிட்டது.

சரி, ஏன் முதலிலேயே ரிஜெக்ட் போடவில்லை அக்கா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ போட்டேன் தம்பி. அப்புறம் சூப்பர்வைசர் வந்து ஏன் உங்க நம்பர் ஏறுதுன்னு கேட்டாரு. எனக்கு எதுக்கு வம்பு? அது ஓகேன்னா நானும் ஓகே."

இதில் அக்காவின் மேல் ஒரு குறையும் இல்லை. சூப்பர்வைசர் மேலும் பெரிதாகச் சொல்ல மாட்டேன், அவருக்கும் மேலே ஒருவர் எண் கேட்கிறார். ஒத்துக்கொள்வது இலவசம், மறுப்பதற்கு விலை என்று வைத்துவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரரை உட்கார வைத்தாலும் சில வாரத்தில் அவர் விரல் மட்டும்தான் அங்கே வேலை செய்யும். அதற்கும் "மனிதர் சரிபார்த்தது" என்றே கணக்கில் எழுதுவோம். ஆடிட்டர் வந்தால் பெருமையாகக் காட்டுவோம்.

இது ஆப்பரேட்டர் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் படங்களை வைத்து 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 27 கதிரியல் மருத்துவர்களிடம் படங்களைக் கொடுத்து, கூடவே ஏஐயின் கணிப்பு என்று சொல்லி ஒரு பதிலையும் காட்டினார்கள், சிலவற்றில் வேண்டுமென்றே தப்பான பதில். அனுபவம் குறைந்தவர்கள், காட்டிய பதில் சரியாக இருந்தபோது சுமார் 80 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள், தப்பாக இருந்தபோது அது 20-க்கும் கீழே போனது. பல வருடம் பழுத்தவர்கள்கூட 82-லிருந்து 45 சொச்சத்துக்கு இறங்கினார்கள். டாக்டர்களுக்கே இந்த நிலை. பதில் முதலில் கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் நாம் படத்தைப் பார்ப்பதில்லை, பதிலுக்குச் சாட்சி தேடுகிறோம். போலந்தில் நான்கு மையங்களில் குடல் பரிசோதனை செய்யும் டாக்டர்களைப் பற்றி 2025-ல் வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஏஐ வருவதற்கு முன் 28.4 விழுக்காடு பரிசோதனைகளில், பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா கட்டியைக் கண்டுபிடித்தவர்கள், ஏஐ பழகிய பிறகு அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் 22.4 விழுக்காட்டில்தான் கண்டுபிடித்தார்கள். பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படித்த அன்று எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

இன்னொரு இடமும் இருக்கிறது, அது எங்கள் இன்ஜினியர்கள் பக்கம். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் 8டி அறிக்கை எழுத வேண்டும். ஃபோர்டு கம்பெனி 1987-ல் கொண்டுவந்த முறை, எட்டுப் படிகள், அதில் நாலாவது படிதான் உயிர், மூல காரணம். முன்பு அந்த நாலாவது படிக்காக லைனுக்குப் போய் நிற்க வேண்டும், நைட் ஷிப்ட் ஆளைப் பிடித்துப் பேச வேண்டும், மெயிண்டனன்ஸ் ஆள் எரிச்சலோடு பதில் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது புகார் மெயிலை உள்ளே போட்டால் எட்டுப் படியும் அழகான ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. (வாடிக்கையாளரின் வரைபடத்தையே பொது சாட்பாட்டில் ஒட்டுகிற துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள், அது வேறு தலைவலி.)

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அப்படி ஓர் அறிக்கை கொண்டுவந்தார். வாடிக்கையாளர் தன் இடத்தில் சிப்பைச் சூடாக்கிப் பலகையில் பற்றவைத்தபோது, அதாவது சால்டர் செய்தபோது, சிப்புக்குள் அடுக்கு பிரிந்துவிட்டது என்று புகார். அறிக்கையில் மூல காரணம்: ஆப்பரேட்டர் விதிமுறையைச் சரியாகப் பின்பற்றவில்லை. தீர்வு: மறுபயிற்சி. எந்தப் புகாருக்கும் பொருந்தும் பதில் இது. அந்தச் சிப்பு ஈரத்துக்குக் கூச்சப்படும் வகை, மூன்றாம் நிலை; காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரம் சால்டர் சூட்டில் ஆவியாகி அடுக்கைப் பிரித்துவிடும். ஈரம் புகாத பையைத் திறந்தால் 30 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதத்துக்குள் வைத்து 168 மணி நேரத்தில் சால்டர் செய்துவிட வேண்டும். பை எப்போது திறக்கப்பட்டது, எங்கே வைத்திருந்தார்கள் என்று வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. தம்பியிடம் கேட்டால், "அண்ணே, அது நல்லாதானே எழுதியிருக்கு?" என்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. உலகம் முழுவதும் இத்தனை வருடமாகக் கடைசியில் நிற்கும் ஆளின் தலையில் பழியைப் போட்டே அறிக்கை எழுதியிருக்கிறோம், அதையெல்லாம் படித்துவிட்டு வந்தது வேறு என்ன சொல்லும்? நம்முடைய பழைய சோம்பேறித்தனத்தை நல்ல நடையில் திருப்பித் தருகிறது.

அதனால் என் குழுவில் ஒரு வழக்கம் வைத்தேன். சாட்பாட்டைத் திறக்கும் முன் அரைப் பக்கம் கையால் எழுத வேண்டும், என்ன நடந்திருக்கலாம் என்று சில ஊகங்கள், ஒவ்வொன்றையும் எது பொய்யாக்கும் என்று ஒரு வரி. மொழி எதுவானாலும் சரி, தமிழில் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம். அப்புறம் ஏஐயைத் தாராளமாகக் கேட்கலாம், அதன் பட்டியலில் நாம் நினைக்காதது ஒன்று இருக்கும், பல தடவை இருந்திருக்கிறது. ஆனால் அரைப் பக்கம் எழுதியவர்தான் அதோடு சண்டை போட முடியும். எழுதாதவர் அதற்குக் கையெழுத்துப் போடும் ஆள். தம்பிக்கு இது பள்ளிக்கூட வேலை மாதிரி தெரிகிறது, முனகுகிறார், செய்கிறார்.

நான் ஏஐக்கு எதிரி இல்லை. ஜப்பானிய வாடிக்கையாளரின் மெயிலைப் புரிந்துகொள்ளவும், நேப்பாளி, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு வேலை வழிமுறையை அவரவர் மொழியில் தயாரிக்கவும் தினமும் பயன்படுத்துகிறேன், அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகு. ஓவர்கில் குறைந்ததில் ஆப்பரேட்டர்களின் கண் கொஞ்சம் பிழைத்திருக்கிறது என்பதும் உண்மை.

ரப்பர் நுனி விஷயத்துக்குப் பிறகு மேனேஜரிடம் இரண்டு மாற்றம் கேட்டேன். ஒன்று, வரும் படங்களில் ஒரு பங்குக்கு ஏஐயின் பதிலை மறைத்து வைத்து, அக்கா முடிவு சொன்ன பிறகு காட்ட வேண்டும். இரண்டு, மறுப்பதற்கு ஒரு கிளிக் போதும், காரணத்தை யாராவது போய் அவரிடம் தமிழிலோ மலாயிலோ கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மேனேஜர் நல்ல மனிதர், எண்ணைக் காட்டினால் கேட்பார். தேய்ந்த நுனியின் முத்திரையோடு எத்தனை சில்லுகள் ஓகே என்று போயிருக்கும் என்ற கணக்கைக் காட்டினேன், பேசாமல் இருந்தார், பிறகு ஒரு லைனில் மட்டும் செய்து பார்க்கலாம் என்றார். வேகம் குறைந்திருக்கிறது, புரொடக்ஷன் பிரிவு மீட்டிங்கில் என்னைப் பார்க்கும் பார்வையே வேறு. அக்காவும் முதலில் அவஸ்தைப்பட்டார், பச்சைக் கட்டம் இல்லாமல் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது தம்பி என்றார், அவரே அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ஓவர்ரைடு பத்தி இன்னும் அறிக்கையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, மறுத்ததில் எத்தனை சரி, ஒத்துக்கொண்டதில் எத்தனை தப்பு என்று இரண்டு பத்தி போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இதற்கிடையில், பதிலை மறைப்பதை எல்லா லைனுக்கும் கொண்டுவர முடியுமா என்று ஐடி பிரிவு மென்பொருள் விற்றவர்களிடம் கேட்டது. பதில் வந்திருக்கிறது: ஏஐயின் முடிவை மறைத்து வைக்கும் வசதி இப்போதைக்கு இலவச சோதனையாம், எல்லா லைனுக்கும் வேண்டுமென்றால் தனி லைசென்ஸ், தனிக் கட்டணம்.