கொழும்புக்கு அனுப்பாத மூன்று மில்லிலீற்றர்

மகன் பிறந்தது 27 கிழமையில். நிறை 980 கிராம். எனக்குப் பிறசர் ஏறியதால் அவசரமாகச் சிசேரியன் செய்தார்கள். நுரையீரல் முதிரப் போடும் ஸ்டீரொயிட் ஊசியில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைத்தது. 24 மணித்தியாலம் கழித்துப் போடவேண்டிய இரண்டாவதுக்கு அவன் காத்திருக்கவில்லை. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிய உதவும் சேர்பக்ரன்ற் மருந்தை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, இரண்டு நாள் மூச்சு மெஷினில் வைத்து, பிறகு மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் சீபாப்புக்கு மாற்றினார்கள்.

ஒன்பதாம் நாள், கனடாவில் இருக்கும் தம்பி ஒரு ஆய்வுக் கட்டுரை அனுப்பினான். குறைமாதப் பிள்ளைக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் வருமா என்று முதல் இரண்டு கிழமைக்குள் இரத்தத்திலேயே பார்க்கலாமாம். டொக்டர்மார் பிபிடி என்று சொல்வது அதைத்தான். அந்தச் சொல்லை ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, அந்தக் கோபம் வேறு. கேஎல்-6 என்று ஒரு புரதம். நுரையீரலின் காற்றறைக் கலங்கள் காயப்பட்டால் அது இரத்தத்துக்குள் கசியும். பிபிடி வந்த பிள்ளைகளில் அது கூடுதலாக இருந்திருக்கிறது. "அக்கா, காசைப் பற்றி யோசியாதை, செய்விச்சுப் பார்" என்றான்.

இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாப் லாப்பாக ஏறி இறங்கினார். ஒரு இடத்தில் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொல்லி, கொழும்புக்குக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். "எப்பிடியும் ஒரு ரியூப் இரத்தம் வேணும் அண்ணா, மூண்டு மில்லி." சரி, மூன்று மில்லிதானே என்று நினைத்தேன்.

அடுத்த நாள் டொக்டர் வந்ததும் போனை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அம்மா, இவன்ர உடம்பில ஓடுறதே 80, 90 மில்லிதான். ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிரம்பாது. இவனிட்ட மூண்டு மில்லி எடுக்கிறது உங்களிட்ட ஒரு கிளாஸ் எடுக்கிற மாதிரி. பிறகு நாங்கள்தான் இரத்தம் ஏத்த வேணும்."

நான் விடவில்லை. அப்ப எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். எத்தனை கிழமையில் பிறந்தான், எவ்வளவு நிறை, எவ்வளவு ஒட்சிசன் கேட்கிறான் என்பதை வைத்துத்தான் தாங்கள் கணிப்பதாகச் சொன்னார். ஆம்பிளைப் பிள்ளை என்றால் பயம் கொஞ்சம் கூடவாம். கட்டுரையில் இருந்த இன்டர்லியூக்கின் போன்ற அழற்சிப் புரதங்கள் கிருமி தொற்றினாலும் ஏறும். இவற்றில் ஒன்றும் இன்னும் வழமையான பரிசோதனையாக வரவில்லை. "சரி, கூட எண்டு வந்தா நான் என்ன மாத்திச் செய்யிறது? மூச்சைத் தூண்டிவிடுற கஃபீன் மருந்து போகுது. மெஷினை விட்டாச்சு. தாய்ப்பால் நீங்கள் குடுக்கிறீங்கள்." எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு அவர் தட்டிக்கழிப்பதாகத்தான் நினைத்தேன். துண்டைக் கிழிக்க இரண்டு நாளானது.

அதன்பிறகு என்னுடைய இலக்கம் அவனுக்குக் கொடுக்கும் காற்றில் உள்ள ஒட்சிசன் வீதம் ஆகிவிட்டது. வெளிக்காற்றில் 21. அவனுக்கு 32. சீஆர் கொப்பி ஒன்றில் காலையும் மாலையும் எழுதினேன்: 32, 30, 30, 28. மூன்றாம் கிழமை கிருமி தொற்றி ஒரே இரவில் 40. அந்தப் பக்கத்தில் பேனை அழுத்தியது பின்பக்கத்திலும் தெரிகிறது. காலில் குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தைக்கூட மிஸ்ஸி எவ்வளவு என்று குறித்து வைப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பால் எடுத்துச் சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். தொற்று அடங்கியதும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க விட்டார்கள். சட்டைக்குள் அவன் சூடு ஏற ஏற மொனிற்றரில் அவனுடைய இரத்த ஒட்சிசன் அளவு 89 இல் இருந்தது 93 ஆகும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன்.

28ஆம் நாளும் அவனுக்கு 26 வீதம் தேவைப்பட்டது. ரிக்கெட்டில் பிபிடி என்று எழுதினார்கள். தம்பி சொன்ன பரிசோதனை சொல்லியிருக்கக்கூடியது அதைத்தான். எவ்வளவு கடுமை என்பது கர்ப்பக் கணக்கில் 36 கிழமையாகும்போதுதான் தெரியும் என்றார்கள். 35 கிழமையும் மூன்று நாளுமானபோது மூக்குக் குழாயைக் கழற்றினார்கள். 36இல் வெளிக்காற்றிலேயே 95 காட்டினான். லேசான வகை என்று எழுதி, இரண்டு கிழமை கழித்து வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டில் அடுத்த சண்டை சாம்பிராணிக்கு. பிள்ளையைக் குளிக்கவார்த்துப் புகை காட்டாமல் விடுவதா என்று மாமி கேட்டார். புகை, நுளம்புத்திரி, குப்பை எரிப்பது ஒன்றும் கூடாது என்று கிளினிக்கில் சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கொப்பியை எடுத்து 40 என்று எழுதிய பக்கத்தைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தார்.