மணியைச் சுமந்து வந்த கல்

அயர்லாந்தின் தென்கரையில், வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் இருக்கிறது ஆர்ட்மோர். குன்றின் மேல் 12ஆம் நூற்றாண்டு வட்டக் கோபுரம், ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். வருகிறவர்கள் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது கடற்கரையில் கிடக்கும் ஒரு கல்.

கடல் உள்வாங்கியிருந்த காலை. இரண்டு பாறை முகடுகளின் மேல் அந்தக் கல் உட்கார்ந்திருந்தது. குனிந்தால் அடியில் ஒரு சந்து. ஈர மணல், வழுக்கும் பாசி. உடம்பை ஒடுக்கிக்கொண்டு தவழ்ந்தால் ஓர் ஆள் நுழையலாம்.

ஆர்ட்மோரில் மடம் நிறுவிய கிறிஸ்தவத் துறவி புனித டெக்லன். அவர் கடல் கடந்து வந்தபோது அவருடைய கைமணியை அக்கரையிலேயே ஒரு பாறைமேல் மறந்து வைத்துவிட்டார்களாம். அவர் வேண்டிக்கொள்ள, அந்தக் கல்லே மணியைச் சுமந்து மிதந்து வந்து கப்பலையும் முந்தியதாம். அது கரையேறும் இடத்தில்தான் நான் அடக்கமாவேன் என்றாராம் டெக்லன். பனியாறு இழுத்துவந்து போட்ட கல் என்கிறது நிலவியல். எப்படிப் பார்த்தாலும் அது வெளியூர்க் கல்தான்!

நாயோடு நடக்க வந்த மூதாட்டி ஒருவர் என் அருகில் நின்றார். முதுகுவலிக்காகத் தம் பாட்டி இதனடியில் மூன்று முறை தவழ்ந்ததைச் சொன்னார். திருடிய பொருள் உடம்பில் இருந்தால் பலிக்காது, பாவம் செய்தவரைக் கல் விடாது என்று சிறுவயதில் பயமுறுத்துவார்களாம். ஜூலை 24ஐ ஒட்டி வரும் டெக்லன் திருநாளில் முன்பெல்லாம் இங்கே பெருங்கூட்டம் கூடும்.

1937 முதல் 1939 வரை அயர்லாந்து முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளை நோட்டில் எழுதிச் சேர்த்தார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த அம்மாள் பேசப் பேசத்தான் எனக்கு உறைத்தது.

பிறகு குன்றேறினேன். டெக்லனின் கல்லறை என்று சொல்லப்படும் சிறிய கற்கோயிலுக்குள் தரை பள்ளமாக இருக்கிறது. நோய் அண்டாது என்று நம்பித் தலைமுறை தலைமுறையாக மண் அள்ளிப் போனதால் விழுந்த பள்ளம். பிடி பிடியாக எத்தனை கைகள்! வெகுநேரம் அதன் விளிம்பிலேயே நின்றேன்.

மாலையில் மறுபடி கடற்கரைக்கு வந்தபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் நிறைந்தது கல்லுக்கு அடியில் இருந்த அந்தச் சந்துதான்.