இரண்டாவது வைவாவில் தேறினேன்: அல்சைமர் ஆய்வேடு எழுதும் உளவியல் மாணவர்களுக்கு

போன வாரம் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் இதே ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போய், தலைகுனிந்து திரும்பி வந்தவள் நான். இடையில் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அதனால்தான் சூடு ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன்.

முதல் முறை நான் படித்ததெல்லாம் மூளையைப் பற்றி. மூளைச் செல்களுக்குள் சேரும் டௌ புரதம் எந்த வரிசையில் பரவுகிறது என்று 1991-ல் பிராக் இணையர் வகுத்த நிலைகள், அமைலாய்டு என்ற புரதப் படிவுதான் நோயைத் தொடங்கிவைக்கிறது என்று ஹார்டியும் ஹிகின்ஸும் 1992-ல் எழுதிய கருதுகோள், நோய் அபாயத்தோடு தொடர்புடைய ஏபிஓஇ மரபணு எல்லாம் மனப்பாடம். புறத்தேர்வாளர் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. என் அட்டவணையில் இரண்டு பேருக்குரிய இரண்டு வரிகளைக் காட்டினார். நினைவு, கவனம் முதலியவற்றைச் சோதிக்கும் எம்.எம்.எஸ்.இ. கேள்வித்தாளில் இருவருக்கும் 30-க்கு 24. "இவர் எதில் தவறினார்? அவர் எதில் தவறினார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு விடைத்தாள்களைப் பெட்டியில் போட்டு மூடியிருந்தேன்.

அன்று இரவே பெட்டியைத் திறந்தேன். முதலாமவர், சற்று முன் சொல்லிக்கொடுத்த மூன்று வார்த்தைகளையும் விட்டிருந்தார். தேதி, கிழமை, மாதம் மூன்றும் தவறு. இரண்டாமவர் அந்த மூன்று வார்த்தைகளையும் சொல்லியிருந்தார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதில் ஐந்தையும், ஐங்கோணம் வரைவதில் ஒன்றையும் இழந்திருந்தார். இருவருக்கும் ஆறாறு மதிப்பெண் குறைந்திருக்கிறது. ஆனால் முதலாமவரிடம் புதிய நினைவு தங்கவில்லை. இரண்டாமவரிடம் நினைவு பழுதில்லை, கவனமும் இடவுணர்வும்தான் தடுமாறியிருக்கின்றன. இந்த இருவரையும் ஒரே குழுவில் போட்டு நான் சராசரி எடுத்திருக்கிறேன்!

வெட்கம் என்னவென்றால், என் கைடு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மேடம் இந்தத் துறையில் முப்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறார். தொடக்கத்தில் அவருக்கு அல்சைமரோடு சம்பந்தமே கிடையாது. கல்லூரி மாணவர்களுக்கு வார்த்தைப் பட்டியல் கொடுத்து மறதியை அளந்துகொண்டிருந்தவர். நினைவகச் சிகிச்சைப் பிரிவில் ஒரு முதியவர் அதே பட்டியலில் வேறு விதமாகத் தவறுவதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தார். அப்போதெல்லாம் நோயை உறுதிசெய்ய, இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உண்டு. உயிரோடிருப்பவர் மூளையில் அமைலாய்டைப் பெட் ஸ்கேனில் காட்டிய ஆய்வு 2004-ல் வந்தபோது, "இனி உங்கள் வார்த்தைப் பட்டியல் எதற்கு?" என்று அவரிடமே கேட்டார்களாம். அவர் அசையவில்லை. மூளையில் படிவு இருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லும், இந்த மனிதருக்கு இன்று என்ன முடியவில்லை என்பதைச் சொல்லாது என்பார்.

அந்த முதல் வகுப்பில் அவர் வாசித்துக் காட்டியது, 1901 நவம்பரில் பிராங்க்பர்ட்டில் அலோய்ஸ் அல்சைமர் எடுத்த குறிப்பு. 51 வயது அவுகுஸ்தே டேட்டரிடம் பெயர் கேட்கிறார்: அவுகுஸ்தே. குடும்பப் பெயர்? அவுகுஸ்தே. கணவர் பெயர்? அவுகுஸ்தே என்று நினைக்கிறேன். இந்த நோயின் முதல் ஆவணமே தவறான பதில்களின் பதிவு. நான் அதை வெறும் வரலாறு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: தவறான பதில்களைப் படியுங்கள், ஒவ்வொரு தாளாக. எனக்கு அதற்கு நான்கு மாதம் ஆனது.

எப்படிப் படிப்பது? குரோபரும் புஷ்கேயும் 1987-ல் தந்த குறிப்புதவி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 16 சொற்கள்; கற்பிக்கும்போதே "இதில் பறவை எது?" என்று கேட்டு மனதில் பதிய வைக்கிறோம். பிறகு தானாக நினைவுக்கு வராத சொல்லுக்கு "ஒரு பறவை" என்று குறிப்புக் கொடுக்கிறோம். "ஆமாம், கழுகு!" என்றால் நினைவு உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை, மனச்சோர்வில் இப்படி வரலாம். குறிப்புக் கொடுத்தும் வரவில்லை, அல்லது பட்டியலில் இல்லாத "காகம்" வருகிறது என்றால் சொல் உள்ளே பதியவே இல்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பாதிப்புக்கு அடையாளம் அது. மொத்த மதிப்பெண்ணில் இந்த வேறுபாடு கரைந்துபோகும்.

மற்றவை சுருக்கமாக:

- எம்.எம்.எஸ்.இ. போன்ற இன்னொரு சோதனையான மோக்காவில் 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும். நான் நான்கு பேருக்கு விட்டிருந்தேன்.
- மறுசோதனைக்கு அதே சொற்பட்டியல் வேண்டாம். பழக்கத்தால் கூடும் மதிப்பெண் முன்னேற்றம் போலத் தெரியும்.
- அறிவாற்றல் சேமிப்பு (மூளை பழுதுபட்டாலும் தாக்குப்பிடிக்கும் திறன்) பற்றி எழுதினால் 678 கன்னியாஸ்திரீகள் ஆய்வை மேற்கோள் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கன்னியாஸ்திரீகள் இளம்வயதில் எழுதிய சுயசரிதைகளில் ஆய்வாளர்கள் எதை அளந்தார்கள் என்று வைவாவில் கேட்பார்கள்.
- தனியாக உட்கார்ந்து தயாரியுங்கள். மாதிரி வைவா எனக்குப் பதற்றத்தைத்தான் கூட்டியது.

இரண்டாவது வைவாவில் அதே தேர்வாளர். லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்தின் சோதனையைப் பற்றிக் கேட்டார்: 1,795 பேர், 18 மாதம், மருந்துக்கும் போலி மருந்துக்கும் 0.45 புள்ளி வித்தியாசம். "0.45 எதில்?" நோயின் தீவிரத்தை அளக்கும் சி.டி.ஆர். அளவுகோலின் 18 புள்ளி கொண்ட கூட்டுத்தொகையில் என்றேன். நினைவு, திசையுணர்வு, தீர்மானிக்கும் திறன், வெளியுலக வேலை, வீட்டு வேலை, தன்னைப் பராமரித்தல் என்று ஆறு பகுதிகள். நோயாளியிடமும் உடன் இருப்பவரிடமும் பேசித்தான் எடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பழைய அட்டவணையின் அந்த இரண்டு வரிகளைத் திருப்பிக் காட்டினார். இந்த முறை இரண்டு விடைத்தாள்களும் என் கையிலேயே இருந்தன.