கையா தரவோடு சில நாட்கள்

22 மார்ச் 2025

விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளக்கும் ஐரோப்பிய விண்கலம் கையா. அதன் மூன்றாம் தரவு வெளியீட்டில் முதன்மை அட்டவணை முழுதும் என் கணினியில் இறங்கிவிட்டது. 3386 கோப்புகள், சுமார் 181 கோடி வான்பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் 152 நெடுவரிசைகள். சுருக்கிய நிலையிலேயே அரை டெராபைட்டுக்கு மேல். கோப்புகள் பழுதில்லாமல் வந்தனவா என்று பார்க்க, கூடவே தந்திருக்கும் எம்டி5 சரிபார்ப்பு எண்களின் பட்டியலோடு ஒப்பிடும் வேலை இரவெல்லாம் ஓடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பாதியில் அறுந்த ஒரு கோப்பு என்றால் வானத்தில் ஒரு துண்டே காணாமல் போகும்.

24 மார்ச்

சிஎஸ்வி என்னும் எளிய உரைக் கோப்புகளை, நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் பார்க்கே வடிவத்துக்கு மாற்றுகிறேன். 152 நெடுவரிசையில் எனக்கு வேண்டியது இருபதுகூட இல்லை. பார்க்கேயில் கேட்டதை மட்டும் படிக்கலாம்.

கோப்புகளை அடுக்கியிருக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வானத்தை ஹீல்பிக்ஸ் முறையில் சம பரப்புள்ள கட்டங்களாக வெட்டியிருக்கிறார்கள். முதல் கோப்பின் பெயரில் உள்ள 000000-003111 என்பது எட்டாம் நிலைக் கட்டங்களின் (எட்டு முறை நான்கு நான்காகப் பிரித்தவை) வரிசை எண். விண்மீனின் அடையாள எண்ணிலேயே அதன் இடமும் ஒளிந்திருக்கிறது: 2-இன் 43-ஆம் அடுக்கால் வகுத்தால் அந்தக் கட்டம் வந்துவிடும். வானத்தில் பக்கத்தில் இருப்பது வட்டிலும் பக்கத்தில் இருக்கிறது. கார்த்திகைக் கூட்டத்தைத் தேட மொத்தத்தையும் புரட்ட வேண்டியதில்லை, அந்தத் திசையின் சில கோப்புகளே போதும். இந்த அடுக்கை நம் வசதிக்காகக் கலைக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. அடையாள எண் 64 பிட் முழு எண். மென்பொருள் அதைத் தசம எண்ணாக மாற்றிவிட்டால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் சிதையும், அப்புறம் எந்த அட்டவணையோடும் பொருந்தாது.

27 மார்ச்

இன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கையாவுக்கு, அணைந்துவிடச் சொல்லும் கடைசிக் கட்டளை போனது. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கலம். மனம் கனத்துவிட்டது. ஆனால் நான் வைத்திருப்பது அதன் முதல் 34 மாத அளவீடுகள்தான். மிச்சம் இனிமேல்தான் வரப்போகிறது.

30 மார்ச்

கார்த்திகையை எடுத்துப் பார்த்தேன். இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு; தூரம் கூடினால் இது குறையும்) 7.4 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டியும் (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு, மில்லி அதில் ஆயிரத்தில் ஒன்று), வானில் நகரும் வேகமும் திசையும் ஒன்றாகவும் இருக்கும் விண்மீன்களை மட்டும் வைத்ததும் கூட்டம் தனியாகத் திரண்டு வந்தது. தூரம் சுமார் 136 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). கையாவுக்கு முன்பு இதே வேலையைச் செய்த ஹிப்பார்க்கஸ் கலம் 120 பார்செக் என்று சொல்லி நெடுநாள் விவாதம் நடந்தது இதே கூட்டத்துக்காகத்தான்.

அட்டவணையில் எதிர்மறை இடமாறு கோணங்களும் உண்டு. குப்பை என்று நீக்கிவிடத் தோன்றும். நீக்கக் கூடாது, மிகத் தொலைவிலுள்ள விண்மீனை அளக்கும்போது பிழை பூஜ்யத்துக்கு இருபுறமும்தான் சிதறும். ஒரு பக்கத்தை வெட்டினால் சராசரி தூரமே பொய்யாகிவிடும்.

அடுத்தது டூமாஸ் என்னும் அகச்சிவப்பு வான் ஆய்வின் பட்டியலோடு இணைப்பது. கையாவின் இடங்கள் 2016-க்கானவை, டூமாஸ் படமெடுத்தது 1997 முதல் 2001 வரை. இடையில் விண்மீன்கள் நகர்ந்திருக்கும்; வேகமாக நகரும் பர்னார்டு விண்மீன் ஆண்டுக்குப் பத்து ஆர்க்செகண்டுக்கு மேல் நகர்வது. எனவே ஒவ்வொன்றையும் டூமாஸ் படமெடுத்த ஆண்டுக்குப் பின்னோக்கி நகர்த்திவிட்டுத்தான் பொருத்த வேண்டும். நாளை முதலில் அந்தக் கணக்கு.